வேப்பம்பால் நின்ற பங்குனி

என் சித்திக்கு இரண்டு முறை பொட்டு அழித்தார்கள். முதல் முறை அழித்தபோது நான் ஊரில் இல்லை. இரண்டாம் முறை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பெரியம்மா தன் முந்தானையைச் செம்புத் தண்ணீரில் நனைத்து, பாத்திரத்தின் அடியில் பிடித்த கரியைத் தேய்ப்பதுபோல் சித்தியின் நெற்றியை அழுத்தித் தேய்த்தாள். குங்குமம் எல்லாம் போன பிறகும் அந்த இடம் சிவந்தே இருந்தது. இன்னும் மிச்சம் இருப்பதாக நினைத்தோ என்னவோ, பெரியம்மா மறுபடியும் முந்தானையை நனைத்துக்கொண்டாள்.

சித்தி எனக்கு ஏழெட்டு வயதுதான் மூத்தவள். அப்பாவின் தம்பி மனைவி என்பதால் சித்தி. தனியாக இருக்கும்போது நாங்கள் தோழிகள்போலத்தான் பேசிக்கொள்வோம். அப்பாவுக்குக் கடலூரில் வேலை. நான் சிதம்பரத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தபோது, கீரப்பாளையத்துக்கும் குமராட்சிக்கும் நடுவில் இருந்த எங்கள் பூர்வீக ஊரில், பெரியப்பா வீட்டில் தங்க வைத்தார்கள். அங்கிருந்து கல்லூரிக்கு மினிபஸ்ஸில் போய் வருவேன். பெரியப்பா வீட்டை ஒட்டியே சித்தப்பாவின் பாகம்: ஓட்டு வீடு ஒன்று, பின்னால் ஒரு கொல்லை, கொல்லையின் மூலையில் இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற வேப்பமரம்.

சித்தப்பா ஐஸ் வண்டி ஓட்டினார். மீன்பிடிக்கிற இடங்களுக்கு ஐஸ்கட்டி ஏற்றிப் போவது அவர் வேலை. 2004 மார்கழியில் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பரங்கிப்பேட்டைக் கரையில் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார். வண்டி ஓர் இடத்தில் கிடைத்தது, அவர் உடல் வேறோர் இடத்தில் கிடைத்தது. கருமாதியன்று சித்திக்குச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அதன் பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் அவளைக் கூப்பிடவில்லை. காலையில் பெரியப்பா வயலுக்குக் கிளம்பும்போது அவள் எதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக, அவர் சைக்கிள் சத்தம் தெருமுனையைத் தாண்டும்வரை கதவைத் திறக்கமாட்டாள். யாரும் சொல்லி அவள் அப்படிச் செய்யவில்லை. ஒருநாள் தெரியாமல் எதிரே வந்துவிட்டாள். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குத் திரும்பிப்போய், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுவருடம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை முடிந்தும் விடவில்லை. வீராணம் ஏரியையும் திறந்துவிட்டார்கள், கொள்ளிடமும் கரை புரண்டது. எங்கள் பக்கம் நட்ட நெல்லெல்லாம் அழுகிப்போனது. சித்தியின் கொல்லையில் முழங்கால் அளவு தண்ணீர் வாரக்கணக்கில் நின்றது. பொங்கல் கழிந்துதான் தரை தெரிந்தது. அதன் பிறகு பனி. விடிந்து வெகுநேரம் ஆன பிறகும் எதிர்வீடு தெரியாத பனி. வேப்பமரம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

அப்படியொரு காலையில் கொல்லையைக் கூட்டப் போன சித்தி, வேலி ஓரமாக வந்து என்னைக் கூப்பிட்டாள். "இங்க கொஞ்சம் வாயேன். மரத்துல என்னமோ பொங்குது."

சித்தப்பா துணிக்கொடி கட்டுவதற்காக எப்போதோ ஆணி அடித்திருந்த இடத்துக்குச் சற்று மேலே பட்டை வெடித்திருந்தது. அதிலிருந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஒரு திரவம் மரத்தின் மேனி வழியே இறங்கிக்கொண்டிருந்தது. அடியில் சின்னக் குட்டையாகத் தேங்கியிருந்தது. கிட்டே போனால் 'உஸ்' என்று மெல்லிய சத்தம். சித்தி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். "தித்திக்குதுடி" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அன்றுதான் ஆச்சரியம் என்ற ஒன்றைப் பார்த்தேன்.

அன்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கக் கொல்லையில் நின்றது. மறுநாள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தார்கள். மூன்றாம் நாள் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றியிருந்தது, பால் விழுகிற இடத்தில் பித்தளைக் குடம் இருந்தது, ஒலிபெருக்கி பாடியது. மாரியம்மன் வந்து இறங்கிவிட்டாள் என்று பெரியப்பா சொன்னார். அதை மறுத்துப் பேச ஊரில் ஆளில்லை. வெள்ளத்தில் விளைச்சல் போனவர்களுக்கு ஏதாவது ஒன்று வந்து இறங்க வேண்டியிருந்தது.

ஒரு சங்கடம்தான் இருந்தது. அம்மன் வந்திருப்பது தாலியறுத்தவள் கொல்லையில். முதலில் அவளை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் பேசினார்கள். ஆனால் முதலில் பார்த்தவள் அவள் என்பது அதற்குள் வெளியூருக்கெல்லாம் பரவியிருந்தது. வருகிறவர்கள் அவளைக் கேட்டார்கள், அவள் கையால் திருநீறு வேண்டும் என்றார்கள். பெரியப்பா யோசித்தார். அன்று சாயங்காலம் பெரியம்மா மஞ்சள் புடவையும் கண்ணாடி வளையலும் குங்குமச் சிமிழும் எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்கு வந்தாள்.

"அம்மன் வந்த எடத்துல மூளி நிக்கக் கூடாது. நெத்தியக் காட்டு" என்றாள்.

சித்தி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேணாம்க்கா. நாலு பேர் என்ன சொல்லுவாங்க."

"நாலு பேரும் வெளியதான் நிக்கிறாங்க. அவுங்கதான் வெக்கச் சொல்றாங்க."

முதல் முறை வளையலை உடைத்த அதே கைகள் வளையல் போட்டன. பூ வைத்தார்கள். ஒரு வருடமாக அவள் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப்போன பெண்கள் வரிசையில் நின்று அவள் காலைத் தொட்டார்கள். கர்ப்பிணிகள் அவள் கையை எடுத்துத் தங்கள் வயிற்றில் வைத்துக்கொண்டார்கள். சித்திக்கு அருள் எதுவும் வரவில்லை, குறியும் சொன்னதில்லை. மணையில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பாள், திருநீறு கொடுப்பாள். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தை மாசி இரண்டு மாதமும் அவள் நன்றாக இருந்தாள். கல்லூரியிலிருந்து நான் வந்ததும், "கூட்டத்துல ஒரு பாட்டி என்னா சொல்லிச்சி தெரியுமா" என்று கதை கதையாகச் சொல்வாள். கண்ணாடி பார்க்க ஆரம்பித்திருந்தாள். கீரப்பாளையத்திலிருந்து கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வரும் மினிபஸ் ஓட்டுநர், ஆட்களை இறக்கிவிட்டு அவள் வாசலில்தான் தண்ணீர் கேட்டுக் குடிப்பார். சாதுவான மனிதர். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது கழுவித்தான் கொடுப்பார்.

பெரியப்பா விவசாயி. வானத்தையும் தரையையும் பார்த்தே வாழ்ந்தவர். பால் எப்போது வரும், எப்போது நிற்கும் என்பதை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். பனி கொட்டுகிற விடியற்காலையில் குடம் நிரம்பும். வெயில் ஏற ஏறச் சொட்டாகக் குறையும். மூட்டமான நாளில் சாயங்காலம்வரை வடியும். மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடித்தால் காலையிலேயே நின்றுவிடும். "சூரியன் வரதுக்குள்ள வரவங்களுக்குத்தான் அம்மன் முகம் குடுப்பா" என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஒருநாள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே பெரியம்மாவிடம் அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"இன்னிக்கி மூட்டமா இருக்கு, பொழுதுக்கும் வரும். சாயங்காலம் ஒரு பூசை போட்டுக்கலாம். வெயில் காலம் வந்துட்டா ஒண்ணும் கெடையாது. அதுக்குள்ள அந்த எடத்த என்னா பண்றதுன்னு பாத்துக்கணும்."

அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரையும்போல் நானும் காலையில் கிளம்பும்போது அந்தப் பாலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போவேன்.

மாசி கடைசியில் மரம் துளிர்த்தது. செம்பு நிறத்தில் கொழுந்து வந்து, ஒரு வாரத்தில் பச்சையாகி, மரம் முழுக்க நிறைந்துவிட்டது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பனி நின்று வெயில் சுள்ளென்று விழ ஆரம்பித்தது. பால் நூலாக இளைத்தது. பிறகு விட்டுவிட்டுச் சொட்டியது. வந்தவர்கள் காலிக் குடத்தைப் பார்த்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார்கள்.

சித்தியை விரதம் இருக்கச் சொன்னார் பெரியப்பா. இளநீரும் கைப்பிடி வேப்பங்கொழுந்தும் மட்டும். விடியலில் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றி, ஈரப் புடவையோடு மரத்தைச் சுற்ற வைத்தார்கள். சுற்றி முடித்ததும் அவள் உட்காரக் கூடாது. முதல் சில நாள் அவளே ஆர்வமாகச் சுற்றினாள். அவளுக்கும் பால் வர வேண்டியிருந்தது. பிறகு தள்ளாடினாள். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருத்தி, போன மாதம் அவள் கையை வயிற்றில் வைத்துக்கொண்டவள்.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ சொன்னார்கள், உள்ளங்கையில் சூடம் ஏற்றிப் பார்க்கலாம் என்று. சுத்தமாக இருந்தால் சுடாதாம். சித்தி கையை நீட்டினாள். நான், "பெரியப்பா, வேணாம்" என்றேன். "காலேஜுக்கு நேரமாவுது, நீ கெளம்பு" என்றார். கூட்டம் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சூடம் எரிந்து முடிகிறவரை சித்தி கையை இழுக்கவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை மட்டும் துடித்தது. அணைந்ததும், கையை மூடி முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். "சுடல" என்றாள். பக்கத்தில் நின்ற பெண் அந்தக் கையை வெளியே பிடித்து இழுத்து, விரல்களைப் பிரித்து, எல்லாருக்கும் காட்டினாள்.

பங்குனி பாதிக்குள் பால் அடியோடு நின்றுவிட்டது. வெடித்த பட்டையில் பழுப்புக் கறை மட்டும் இருந்தது. பெரியப்பா தெரு ஆட்களைக் கூட்டிக் கொல்லையில் உட்கார வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார்.

"மரத்துல குத்தம் இல்ல. தளதளன்னு நிக்கிது பாருங்க. குத்தம் மனுஷிகிட்டதான்." பிறகு சித்தியிடம் திரும்பினார். "உன் மனசுல ஏதாச்சும் தப்பான நெனப்பு வந்துச்சா? அம்மன் முன்னாடி சொல்லும்மா. இல்லன்னா இல்லன்னு சொல்லு, போதும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். பெரியப்பா மறுபடி கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. "சரி, வுடுங்க" என்றார் பெரியப்பா. அதன் பிறகுதான் பெரியம்மா செம்புத் தண்ணீரோடு வந்தாள். வளையலை உடைக்கக் கல் தேடவில்லை. சித்தியின் கையை மரத்திலேயே மோதி உடைத்தார்கள்.

மறுநாள் அவளை அவள் அண்ணன் வந்து கூட்டிப்போனார். அவர் வீட்டிலும் அவள் நெடுநாள் இருக்க முடியவில்லை. கடலூர் பழைய பட்டணத்தில் இறால் உரிக்கிற கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே நாலைந்து பெண்களோடு அறை எடுத்துத் தங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் வீட்டில் அவள் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து போய்விடுவார். தன் அண்ணனான பெரியப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேச அவருக்குத் தைரியம் வந்ததில்லை. சித்தியின் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் கோயில் எழுப்பினார் பெரியப்பா. மரத்தைச் சுற்றி மேடை கட்டி டைல்ஸ் பதித்தார்.

மேல்படிப்பு முடித்த பிறகு ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. பரங்கிப்பேட்டைக்கு வடக்கே கடலோரச் சவுக்குத் தோப்பில், மரத்துக்குள் சாறு என்ன வேகத்தில் ஏறுகிறது என்று அளக்க வேண்டும். மெல்லிய ஊசிகளைத் தண்டில் செருகி, ஒன்றைச் சூடாக்கினால், ஓடுகிற சாறு அந்தச் சூட்டை எவ்வளவு எடுத்துப்போகிறது என்பதிலிருந்து வேகம் தெரியும். பக்கத்திலேயே வெயிலையும் காற்றையும் ஈரத்தையும் அளக்கும் கருவிகள். ஆனி மாத மேல்காற்றில் சாறு தலைதெறிக்க ஓடும். மத்தியானம் கடல்காற்று திரும்பியதும் தளரும். மழை நாளில் ஏறக்குறைய நின்றே போகும். வானம் முகம் மாறினால் சற்று நேரத்தில் மரத்துக்குள்ளும் மாறும். வெறும் எண்களாக அது திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பிடித்திருந்தது.

ஒருநாள் எங்கள் பேராசிரியர் சாதாரணமாக ஒன்று சொன்னார். இலை நிறைந்த மரத்தில் வெயிலும் காற்றும் இலை வழியாக நீரை இழுக்கின்றன. அந்த இழுப்பில் சாறு மேலே ஏறுகிறது. அப்போது தண்டில் காயம் பட்டாலும் பெரும்பாலும் வெளியே வடியாது. ஆனால் மண் ஊறிக்கிடந்து, இலை உதிர்ந்து, பனியும் மூட்டமுமாக இருந்தால் மேலே இழுக்க ஒன்றுமில்லை. வேர் மட்டும் நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்டு தாங்காமல், பட்டை பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். "வேப்பமரத்துல பால் வடியுதுன்னு கும்பிடுறாங்களே, அதுவும் அனேகமா இப்படித்தான். முழுசா யாரும் ஆராய்ஞ்சு முடிக்கல. துளிர் விட்டு வெயில் வந்தா தானா நின்னுடும்" என்றார். நான் கையிலிருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டுத் தோப்புக்கு வெளியே போய் நின்றேன். தளதளன்னு நிக்கிது பாருங்க என்று பெரியப்பா மரத்தைக் காட்டிய கை கண்முன் வந்தது. மாட்டுக்கொட்டகையில் பேசியதும் வந்தது. அவர் எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்துவைத்திருந்தார். தெரிந்துதான் அவளிடம் கேட்டார், மனதில் என்ன இருந்தது என்று.

2011 கடைசியில் அடித்த புயலில் கடலூர்ப் பக்கம் மரம் என்று நின்றதெல்லாம் சாய்ந்தது. எங்கள் சவுக்குத் தோப்பும் கருவிகளோடு படுத்துவிட்டது. அந்த வேலையாகக் கடலூரில் சில வாரம் அலைந்தபோதுதான், விசாரித்துக்கொண்டு பழைய பட்டணத்துக்குப் போனேன்.

சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி வாசலுக்கு வந்தாள். தலையில் துணித்தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். ஐஸில் ஊறி ஊறி விரல்களெல்லாம் வெளிறி வெடித்திருந்தன. அடையாளம் தெரிந்ததும் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது. அப்பா, அம்மா, என் வேலை, எல்லாம் கேட்டாள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். சவுக்கில் தொடங்கிய பேச்சு வேம்புக்கு வந்துவிட்டது. மழை, பனி, இலையுதிர்வு, துளிர், வெயில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். அவளுக்குப் பெரிய பாரம் இறங்கும் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

அவள் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இங்க வந்ததுக்கு அப்புறம் மரத்துல இன்னொரு தடவ பால் வந்துச்சே. மூணு வருசத்துக்கு முன்ன. நான் போனதும் அம்மன் திரும்பி வந்துட்டான்னு சொன்னாங்களே."

"அந்த வருசமும் கார்த்திகையில புயல் மழை சித்தி. கொல்லையெல்லாம் தண்ணி நின்னுச்சு."

"மழைதானா" என்றாள். பிறகு, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். "மினிபஸ் ஓட்டுவாரே, அவரு அப்பவே ஒருநாள் கேட்டாரு, கட்டிக்கிறேன்னு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பிடிச்சிருந்துச்சு. அந்த வாரந்தான் பால் கொறைய ஆரம்பிச்சுது. பெரியவரு எல்லார் முன்னாடியும் கேட்டப்ப நான் எப்பிடிடி இல்லன்னு சொல்றது."

நான் டீயை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"அப்புறம் இங்கயும் தேடிக்கிட்டு வந்தாரு. மூணு வருசத்துக்கு முன்ன. சரின்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். ஊருல திரும்பவும் பால் வருதுன்னு அப்பதான் சேதி வந்துச்சு. என்னாலதான் நின்னுச்சுன்னு உறுதியாயிடுச்சு. அவருக்கு ஏதாச்சும் ஆயிடும்னு பயந்து, இனிமே வராதீங்கன்னு சொல்லிட்டேன். வாசல்ல ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாரு. இப்ப அவருக்குக் கல்யாணம் ஆயி ஒரு பொண்ணு இருக்கு."

கம்பெனி வாசலில் பெண்கள் உள்ளே போக ஆரம்பித்திருந்தார்கள். அவள் எழுந்தாள்.

"பெரியவருக்கு இது தெரியுமா? இந்த மழை, வெயிலு கணக்கெல்லாம்?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "தெரியும் சித்தி" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் எதுவும் தெரியவில்லை. "நீ நல்லதுக்குத்தான் வந்து சொன்ன. ஆனா சொல்லியிருக்க வேணாம்டி. தப்பு எம்மேலன்னு நெனச்சிக்கிட்டு இருந்த வரைக்கும் நான் நிம்மதியாத் தூங்கிக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

தொடாமல் வைத்த டீயில் ஆடை படிந்திருந்தது. அவள் பூட்ஸ் காலோடு ஈரத்தில் நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.